மான்ட்கோமரி பஸ் புறக்கணிப்பை முடித்துவைத்தது நீதிமன்றம்தானா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மான்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் இருந்தார்கள். ஆனால் பஸ்ஸில் நிறம் பார்த்து உட்காரவைக்கும் சட்டம் செல்லாது என்று சொன்னது நீதிமன்றம். அப்படியானால் வழக்கு மட்டும் போட்டிருந்தால் போதாதா, அத்தனை பேர் அத்தனை நாள் நடந்தது எதற்கு என்று கேட்கிறீர்கள். ரோசா பார்க்ஸ் கால்வலியால்தான் எழுந்திருக்கவில்லை என்று படித்ததாகவும், அது உண்மையா என்றும் கூடவே கேட்டிருக்கிறீர்கள்.

நான் வக்கீல். அரசுக்கு எதிரான ரிட் மனுக்கள்தான் பெரும்பாலும் என் வேலை. அமெரிக்க நீதிமன்றத்தில் வாதாடியவன் அல்ல. ஆனால் இந்த வழக்கின் தீர்ப்பையும் அதைச் சுற்றி வந்த சாட்சியங்களையும் பல வருடமாகப் படித்து வருகிறேன், ஜூனியர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அந்த அளவோடு என் பதிலை எடுத்துக்கொள்ளுங்கள். சுருக்கமாகச் சொன்னால், சட்டத்தை ரத்து செய்தது தீர்ப்புதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த வழக்கைப் போட ஆள் கிடைத்ததும், தீர்ப்பு காகிதத்தோடு நின்றுவிடாமல் பஸ்ஸுக்குள் வந்ததும் நடந்தவர்களால்தான் என்பது என் வாதம்.

முதலில் அந்த பஸ்ஸுக்குள் என்ன நடந்தது என்று தெரிய வேண்டும். 36 இருக்கை. முன்னால் 10 வெள்ளையருக்கு. வெள்ளையர் ஒருவர்கூட ஏறாத வழித்தடமாக இருந்தாலும் அந்தப் பத்தும் காலியாகவே ஓடும். கறுப்பர்கள் அவற்றின் பக்கத்தில் நெருக்கியடித்து நின்றுகொண்டு வருவார்கள். பின்னால் 10 கறுப்பருக்கு. நடுவில் இருந்த 16 டிரைவர் வைத்ததுதான் சட்டம். முன்வரிசைகள் நிறைந்து ஒரு வெள்ளையர் நின்றால், அடுத்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் நான்கு கறுப்பரும் எழ வேண்டும். ஒருவருக்கு இடம் விட்டால் போதாது. ஒரே வரிசையில் வெள்ளையருக்குச் சமமாக உட்காரக் கூடாது என்பது விதி. ஏறும்போதும் முன்வாசலில் ஏறிக் காசு போட்டுவிட்டு, கீழே இறங்கி, பின்வாசலுக்கு நடந்து போய் மறுபடி ஏறச் சொல்வார்கள். சில டிரைவர்கள் காசை வாங்கிக்கொண்டு, அவர் பின்வாசலுக்கு வருவதற்குள் வண்டியை எடுத்துவிடுவார்கள். வீட்டுவேலைக்குப் போகும் பெண்களுக்கு 10 சென்ட் என்பது அற்பத் தொகை அல்ல. இத்தனைக்கும் பயணிகளில் முக்கால்வாசிப் பேர் கறுப்பர்கள். கம்பெனி ஓடியதே அவர்கள் காசில்தான்.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை, ரோசா பார்க்ஸ் உட்கார்ந்திருந்தது அந்த நடுப்பகுதியில். வெள்ளையருக்கான இடத்தில் போய் உட்கார்ந்தார் என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு. ஒரு வெள்ளையருக்காக நான்கு பேரையும் எழச் சொன்னார் டிரைவர். மூன்று பேர் எழுந்தார்கள், பார்க்ஸ் எழவில்லை. இதில் வக்கீல் கண்ணுக்குத் தட்டுப்படுகிற விஷயம் ஒன்று உண்டு. அந்த நகரத்தின் விதியிலேயே, காலி இருக்கை வேறு இருந்தால்தான் பயணியை மாறச் சொல்லலாம் என்று இருந்தது. அன்றைக்கு பஸ்ஸில் காலி இருக்கையே இல்லை. அதாவது அவர்கள் போட்ட விதிப்படியே பார்க்ஸ் மீது குற்றம் நிற்காது. அதனால்தான் வழக்கு விசாரணைக்கு வந்தபோது நகர விதியை விட்டுவிட்டு, டிரைவருக்குக் கூடுதல் அதிகாரம் கொடுத்த மாநிலச் சட்டத்துக்குக் குற்றச்சாட்டை மாற்றினார்கள். 10 டாலர் அபராதம், 4 டாலர் செலவுத்தொகை.

கால்வலிக் கதைக்கு வருகிறேன். பார்க்ஸுக்கு அப்போது வயது 42. வேலை முடிந்து வந்தவர்தான், ஆனால் வழக்கத்தைவிட அதிகமான உடல் களைப்பு ஒன்றும் இல்லை, விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து வந்த அலுப்புதான் என்று அவரே சொல்லியிருக்கிறார். 1943 முதல் கறுப்பின உரிமைச் சங்கத்தின் உள்ளூர்க் கிளைச் செயலாளர். 1944-ல் ரீசி டெய்லர் என்ற கறுப்பினப் பெண்ணை வெள்ளையர் கும்பல் பலாத்காரம் செய்தபோது நேரில் போய் விசாரித்தவர். அதற்காக எல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டது என்று மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. சங்கத்துக்காரர் ஈ.டி. நிக்சன் ஒரு நல்ல வழக்குக்காகக் காத்திருந்தது உண்மை. ஆனால் அன்றைக்குக் கைதாக வேண்டும் என்று எண்ணி பார்க்ஸ் பஸ் ஏறவில்லை.

அவருக்கு ஒன்பது மாதம் முன்பே, மார்ச் 2-ஆம் தேதி, கிளாடெட் கால்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி இதேபோல எழ மறுத்துக் கைதானார். அவரை ஏன் முன்னிறுத்தவில்லை என்பதற்குப் பல காரணம் சொல்கிறார்கள்: சின்ன வயது, ஏழைக் குடும்பம், பிறகு கர்ப்பமானது. தலைவர்களின் மனதில் எது எவ்வளவு எடைபோட்டது என்பதில் இன்றும் ஒத்த கருத்து இல்லை. ஆனால் எளிதில் விட்டுப்போகும் ஒரு சட்டக் காரணம் உண்டு. மேல்முறையீட்டில் நீதிபதி, நிறப்பிரிவினை விதியை மீறிய குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டு, போலீஸ்காரரைத் தாக்கியதாகச் சொன்ன குற்றச்சாட்டை மட்டும் வைத்துக்கொண்டார். அந்த நொடியில் அந்த வழக்குக்குள் பிரிவினைச் சட்டமே இல்லாமல் போனது. இல்லாத சட்டத்தை எப்படி எதிர்த்து வாதாடுவது? கிரிமினல் வழக்கை நம்பி அரசியல் சட்டக் கேள்வி எழுப்பினால் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. எதிர்த்தரப்பு குற்றச்சாட்டை மாற்றினால் போதும், உங்கள் கேள்வி கீழே விழுந்துவிடும்.

பார்க்ஸ் கைதான இரவே, அலபாமா ஸ்டேட் கல்லூரி ஆசிரியை ஜோ ஆன் ராபின்சன் கல்லூரியின் பிரதியெடுக்கும் இயந்திரத்தில் ஆயிரக்கணக்கான துண்டுப் பிரசுரம் அடித்துவிட்டார். திங்கட்கிழமை பஸ் ஏறாதீர்கள், அவ்வளவுதான் செய்தி. அது திடீர் யோசனையும் இல்லை. அவர் தலைமை வகித்த பெண்கள் அரசியல் மன்றம் 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதி, புறக்கணிப்பு வரும் என்று எச்சரித்திருந்தது. டிசம்பர் 5 திங்கட்கிழமை பஸ்கள் காலியாக ஓடின. அன்று மாலையே மான்ட்கோமரி மேம்பாட்டுச் சங்கம் உருவானது. ஊருக்கு வந்து அதிக நாள் ஆகாத 26 வயது பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங் தலைவரானார்.

நம்மில் பலர் இதை கிங்கில் தொடங்கி, காந்தி வழி என்று சொல்லி முடித்துவிடுகிறோம். காந்தியின் பெயர் அங்கே முதல் வாரங்களிலேயே அடிபட்டதுதான். ஜூலியட் மார்கன் என்ற வெள்ளைக்கார நூலகர் உள்ளூர்ப் பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில், நடந்துபோகும் இந்த மக்களை காந்தியின் போராட்டத்தோடு ஒப்பிட்டார். ஆனால் அந்தத் தொடக்க நாட்களில் கிங்கின் வீட்டில் பாதுகாப்புக்குத் துப்பாக்கியும் இருந்தது. அகிம்சை ஒரு முழுமையான வழிமுறையாக அவருக்குள் உறுதிப்பட்டது போராட்டத்தின் போக்கில்தான்.

அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பாதி விடை இருக்கிறது. முதலில் அவர்கள் பிரிவினையை ஒழிக்கச் சொல்லவே இல்லை. டிரைவர்கள் மரியாதையாக நடக்க வேண்டும். கறுப்பர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் வந்த வரிசைப்படி உட்காரட்டும், உட்கார்ந்தவரை யாரும் எழுப்பக் கூடாது. கறுப்பர் மிகுந்த வழித்தடங்களில் கறுப்பின டிரைவர்களை வேலைக்கு எடுக்க வேண்டும். மூன்றே கோரிக்கை. உட்காரும் முறையைப் பொறுத்தவரை அதே மாநிலத்து மொபீல் நகரத்தில் ஏற்கெனவே அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. மான்ட்கோமரி நகராட்சி அதையும் மறுத்தது. மேயர் உள்ளிட்ட நகர ஆணையர்கள் ஜனவரியில், பிரிவினையைக் காக்க அமைந்த வெள்ளையர் கவுன்சிலில் வெளிப்படையாகவே சேர்ந்தார்கள். ஜனவரி 30 இரவு கிங்கின் வீட்டில் குண்டு வெடித்தது. பிப்ரவரி 1-ஆம் தேதி ஃபிரெட் கிரே என்ற இளம் வக்கீல் ஃபெடரல் நீதிமன்றத்தில், அதாவது மாநிலத்துடையது அல்லாத மத்திய நீதிமன்றத்தில், வழக்குப் போட்டார், சட்டத்தையே ரத்து செய்யச் சொல்லி. இரண்டு மாத நடையும் நகராட்சியின் பிடிவாதமும் சேர்ந்துதான் சின்னக் கோரிக்கையைப் பெரிய கோரிக்கையாக மாற்றின.

கிரே பார்க்ஸைத் தம் வழக்கில் சேர்க்கவில்லை. பார்க்ஸின் மேல்முறையீடு மாநில நீதிமன்றத்தில் கிடந்தது. அவரைச் சேர்த்தால், அங்கே நிலுவையில் உள்ள கிரிமினல் வழக்கைக் குறுக்குவழியில் தடுக்கப் பார்க்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு கிளப்பும். அதனால் ஆரிலியா பிரவுடர், சூசி மெக்டொனால்ட், கிளாடெட் கால்வின், மேரி லூயிஸ் ஸ்மித் என்று நான்கு பெண்கள் வாதிகளாக நின்றார்கள். ஐந்தாவதாகக் கையெழுத்துப் போட்ட ஒரு பெண், வழக்குப் போட்ட உடனேயே விலகிவிட்டார். போலீஸ் உயரதிகாரி ஒருவரின் வீட்டில் வேலை பார்த்தவர் அவர். என்ன நெருக்கடி வந்திருக்கும் என்று ஊகிக்கலாம். அதை வைத்து, சம்மதம் இல்லாமல் வழக்குப் போட்டார் என்று கிரே மீதே குற்றம் சாட்டினார்கள். அது நிற்கவில்லை. ராணுவத்துக்குக் கட்டாயமாக அழைத்துக்கொள்ளும் பட்டியலில் கிரேயின் பெயரைத் தூக்கிப் போட்டும் பார்த்தார்கள். வாதியாக நிற்பது என்றால் அந்த ஊரில் இதுதான் அர்த்தம்: வேலை போகும், வீட்டில் குண்டு விழும். அப்படிப்பட்ட வழக்கில் நான்கு பேர் கடைசி வரை நிற்க, பின்னால் ஒரு ஊரே நிற்க வேண்டியிருந்தது. சாட்சிக் கூண்டில் கால்வினிடம் நகராட்சி வக்கீல் உங்கள் தலைவர் யார் என்று துருவினார், எப்படியாவது கிங் தூண்டிவிட்டதாகக் காட்ட. எங்களுக்குத் தலைவர் நாங்களேதான் என்ற பொருள்பட அந்தப் பெண் பதில் சொன்னார்.

அந்த ஊர் எப்படித் தாக்குப்பிடித்தது என்று பார்ப்போம். முதலில் கறுப்பின டாக்சிக்காரர்கள் பஸ் கட்டணமான 10 சென்ட்டுக்கே ஏற்றினார்கள். குறைந்தபட்சக் கட்டணம் 45 சென்ட் என்ற விதியைக் காட்டி போலீஸ் அதை நிறுத்தியது. அப்புறம் சொந்தக் கார்கள் வந்தன, ஏறக்குறைய 300. ஊரின் ஒவ்வொரு தெருவும் தெரிந்த தபால்காரர்கள் உட்கார்ந்து வழித்தடம் வரைந்து கொடுத்தார்கள். எந்த முனையில் எத்தனை மணிக்கு யார் ஏறுவது, எங்கே இறக்கிவிடுவது என்று பஸ் கம்பெனியைவிட ஒழுங்காக நடந்தது. 1953-ல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரத்தில் நடந்த பஸ் புறக்கணிப்பின் அனுபவத்தை, அதை நடத்திய பாதிரியார் டி.ஜே. ஜெமிசனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஏறுபவரிடம் நேரடியாகக் கட்டணம் வாங்கினால் உரிமமில்லாத டாக்சி என்று பிடிப்பார்கள் என்பதால், வாரக் கூட்டங்களில் தேவாலயத்தில் வசூலித்துப் பெட்ரோல் போட்டார்கள். நீளமான ஸ்டேஷன் வேகன் வண்டிகள் தேவாலயங்களின் பெயரில் வாங்கப்பட்டன. இன்சூரன்ஸ் கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டபோது, அட்லாண்டாவில் இருந்த கறுப்பின முகவர் ஒருவர் மூலம் லண்டன் லாயிட்ஸில் காப்பீடு எடுத்தார்கள். போலீஸ் எதற்கெடுத்தாலும் அபராதச் சீட்டு எழுதியது. மணிக்கு 25 மைல் போக வேண்டிய இடத்தில் 30 மைல் போனதாகச் சொல்லி கிங்கைப் பிடித்து லாக்கப்பில் வைத்தார்கள். வேலைக்காரி வராமல் வீடு நடத்த முடியாத வெள்ளைக்காரப் பெண்கள் பலர் தாங்களே காரில் போய்க் கூட்டிவந்தார்கள். அப்படிச் செய்யாதீர்கள் என்று மேயரே வேண்டுகோள் விட்டும் அது நிற்கவில்லை.

பிப்ரவரியில், 1921-ஆம் வருடத்துப் புறக்கணிப்புத் தடைச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து, 89 பேர் மீது குற்றம் சாட்டினார்கள். கிங்கை மட்டும் விசாரித்து 500 டாலர் அபராதம் போட்டார்கள். நகராட்சி இதில் கணக்குத் தவறியது என்றே நினைக்கிறேன். ஏனென்றால் அந்த விசாரணையில்தான் வீட்டுவேலைக்காரப் பெண்கள் வரிசையாகக் கூண்டில் ஏறி, பஸ்ஸில் வருடக்கணக்கில் பட்டதைச் சொன்னார்கள். 1950-ல் பஸ்ஸில் நடந்த தகராறில் போலீஸ் சுட்டுக் கொன்ற ஹில்லியர்ட் புரூக்ஸின் மனைவியும் வந்து சாட்சி சொன்னார். உலகப் பத்திரிகைகள் அங்கே உட்கார்ந்திருந்தன.

கிரே போட்ட வழக்கில் ஜூன் 5-ஆம் தேதி மூன்று நீதிபதிகளில் இருவர் சட்டம் செல்லாது என்றார்கள். பள்ளிகளில் பிரிவினை கூடாது என்று 1954-ல் வந்த தீர்ப்பின் தர்க்கம் பஸ்ஸுக்கும் பொருந்தும் என்பது பெரும்பான்மையின் நிலை. சமமான வசதி இருந்தால் பிரிவினை செல்லும் என்ற 1896-ஆம் வருடத்துப் பழைய ரயில் வழக்குத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் நேரடியாக ரத்து செய்யாத வரை அது தங்களைக் கட்டுப்படுத்தும் என்பது மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதியின் வாதம். சட்டப்படி அது அபத்தமான வாதம் அல்ல. நவம்பர் 13-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வாய்மொழி வாதமே கேட்காமல் ஜூன் தீர்ப்பை உறுதிசெய்தது.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். வழக்கு மட்டும் போதுமா? போதாது என்பதற்கு அப்போதே ஆதாரம் இருந்தது. மாநில எல்லை தாண்டும் பஸ்களில் பிரிவினை கூடாது என்று ஐரீன் மார்கன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1946-லேயே சொல்லிவிட்டது. தென் மாநிலங்களில் அதை யாரும் சட்டைசெய்யவில்லை. பதினைந்து வருடம் கழித்து, 1961 மே மாதம், மாநிலம் தாண்டும் பஸ்ஸில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வந்தபோது, இதே மான்ட்கோமரி பஸ் நிலையத்தில் கும்பல் அவர்களை அடித்துப் போட்டது. இன்னும் பொருத்தமான உதாரணம் தென் கரோலினாவின் சாரா மே ஃபிளெமிங் வழக்கு. நகரப் பஸ்களிலும் பிரிவினை கூடாது என்று அங்கே ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1955 ஜூலையிலேயே தீர்ப்புச் சொன்னது, பார்க்ஸ் கைதாவதற்குச் சில மாதம் முன்பு. அது அலபாமாவைக் கட்டுப்படுத்தும் நீதிமன்றம் அல்ல என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் 1956 ஏப்ரலில் அந்த வழக்கின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும், இனி பிரிவினை கிடையாது என்று மான்ட்கோமரி பஸ் கம்பெனியே அறிவித்தது. பயணியே இல்லாமல் நஷ்டத்தில் ஓடிய கம்பெனிக்கு வேறென்ன வழி? நகராட்சி என்ன செய்தது தெரியுமா? மாநில நீதிமன்றத்துக்குப் போய், பிரிவினையைத் தொடர்ந்தே ஆக வேண்டும் என்று கம்பெனிக்கு எதிராக உத்தரவு வாங்கியது.

இந்த நிகழ்ச்சி இரண்டு பக்கமும் வெட்டுகிறது. நடை கம்பெனியைப் பணியவைத்தது, நகராட்சியைப் பணியவைக்கவில்லை. டிக்கெட் விலையை 10-லிருந்து 15 சென்ட்டாக உயர்த்திக் கொடுத்து நஷ்டத்தை ஈடுகட்டப் பார்த்தார்களே தவிர இறங்கி வரவில்லை. ஆகவே புறக்கணிப்பு மட்டுமே போதுமானதாக இருந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். புறக்கணிப்பு இல்லாமலே அதே தீர்ப்பு வந்திருக்குமா என்றால், 1954 தீர்ப்புக்குப் பிறகு என்றைக்காவது வந்திருக்கும் என்பது என் ஊகம். யாருடைய வழக்கில், எந்த வருடம், வந்த பின் எந்த ஊர் அதை மதித்திருக்கும் என்பதெல்லாம் நிரூபிக்க முடியாத விஷயம். இதில் உறுதியாகப் பேசுபவர்களிடம் சற்றுக் கவனமாக இருங்கள், என்னையும் சேர்த்து.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த அதே நவம்பர் 13 அன்று, மான்ட்கோமரியின் மாநில நீதிமன்றம் கார் ஏற்பாட்டுக்குத் தடையுத்தரவு போட்டது. உச்ச நீதிமன்ற உத்தரவின் நகலோ இன்னும் ஊருக்கு வரவில்லை. நகல் கைக்கு வராத வரை பஸ்ஸில் பழைய சட்டம்தான் நடக்கும். ஒரு பக்கம் பஸ் ஏற முடியாது, மறுபக்கம் கார் வரிசையும் கிடையாது. குளிரில் ஐந்து வாரத்துக்கு மேல் அந்த மக்கள் நடந்தார்கள், அக்கம்பக்கத்துக் கார்களில் ஒண்டிக்கொண்டு போனார்கள், பஸ் மட்டும் ஏறவில்லை. ஜெயித்த பிறகும் நடந்த நடை அது. டிசம்பர் 20-ஆம் தேதி உத்தரவு வந்து சேர்ந்தது, மறுநாள் காலை முன்வாசலில் ஏறி விரும்பிய இடத்தில் உட்கார்ந்தார்கள். ஒரு வாரத்துக்குள் பஸ்களை மறைந்திருந்து சுட்டார்கள். ரோசா ஜோர்டன் என்ற கர்ப்பிணிப் பெண்ணின் கால்களில் குண்டு பாய்ந்தது. ஜனவரி 10 அதிகாலையில் நான்கு தேவாலயங்களிலும் பாதிரியார்கள் இருவரின் வீடுகளிலும் குண்டு வைத்தார்கள். அதற்குப் பிறகும் அவர்கள் பஸ் ஏறி முன்னால் உட்கார்ந்தார்கள். அந்த வேலையை எந்த நீதிமன்ற அமீனாவும் செய்துகொடுத்திருக்க முடியாது.

பஸ் தவிர மற்ற எதுவும் அன்றைக்கு மாறிவிடவில்லை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். பார்க்ஸுக்கும் அவர் கணவருக்கும் வேலை போனது, மிரட்டல் ஓயவில்லை, 1957-ல் டெட்ராய்ட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். நகரப் பூங்காக்களில் கறுப்பர்களை விட வேண்டும் என்று வழக்கு வந்தபோது, விடுவதைவிட மூடிவிடலாம் என்று 1959-ல் எல்லாப் பூங்காக்களையும் பூட்டினார்கள்; 1965-ல்தான் திறந்தார்கள். அந்தப் பூங்கா வழக்கில் முதல் வாதி ஜார்ஜியா கில்மோர். ஓட்டலில் சமையல் வேலை பார்த்தவர், கிங்கின் விசாரணையில் சாட்சி சொன்னதற்காக வேலை இழந்தவர். வீட்டிலேயே கோழி வறுத்தும் கேக் சுட்டும் விற்று, புறக்கணிப்புக் காலம் முழுக்க வாரா வாரம் கூட்டத்தில் பணம் கொண்டுவந்து கொடுத்தவர். அவருடன் சேர்ந்து சமைத்த பெண்களின் பெயர் வெளியே தெரிந்தால் அவர்கள் வேலையும் போகும் என்பதால், பணம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்க மாட்டார்கள். 1957-ல் அவருடைய மகனைப் பூங்காவுக்குள் வந்ததற்காக போலீஸ் அடித்தது, 1958-ல் அவர் வழக்குப் போட்டார். தனியார் வெள்ளையர் பள்ளிகளுக்குப் பொதுப் பூங்காவையும் மைதானத்தையும் தனி உரிமையாக நகராட்சி கொடுக்கக் கூடாது என்று, அந்த வழக்கின் தொடர்ச்சியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1974-ல்.